மூளியின் இரண்டு மகன்கள்

1

போன வெள்ளிக்கிழமை ஆய்வு நிலையத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகிவிட்டதாம். நான் எண்ணி வைத்திருக்கவில்லை, டாரத்தி வைத்திருந்தார். டாரத்திதான் நிலையத்தின் தலைவி. அறுபதைத் தாண்டியவர், வருடம் முழுக்க ரப்பர் பூட்ஸோடு திரிகிறவர். கேக்கைத் தின்று முடித்ததும் பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால், நானே இருட்டறையில் கழுவிய படம். கடலுக்கு மேலே திமிங்கிலங்களின் மூன்று முதுகுத் துடுப்புகள். நடுவில் குட்டையாக, நுனி பிய்ந்து ஒன்று. அதன் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி அலமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டேன். "ஏன், மாட்டலையா?" என்று மனைவி ஸ்டெல்லா கேட்டாள். ஆணி இல்லை என்றேன். அப்போது அவள் கையில் ஆணி டப்பா இருந்தது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். நான் இருப்பது கனடாவின் மேற்குக் கரையில் ஒரு தீவு. இங்கே மழை நிற்கிற நாளைத்தான் ஆச்சரியமாகப் பேசுவார்கள். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில், கம்மாய் நிறைந்த வருடங்களைப் பிள்ளைகளின் பெயர் மாதிரி நினைவு வைத்திருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். கோடையில் சால்மன் மீனைத் துரத்திக்கொண்டு ஓர்க்காக்கள் இந்தக் கரையோரம் வரும். கறுப்பும் வெள்ளையுமான திமிங்கிலங்கள்; குடும்பம் குடும்பமாகத்தான் வரும். கலங்கரை விளக்கத்துக்காரரோ மீன்படகுக்காரரோ ரேடியோவில், "மூன்று துடுப்பு, தெற்கே போகிறது" என்பார். எங்கள் படகு விரட்டிப் போய் இடது பக்கத்திலிருந்து படம் எடுத்து வரும். ஃபிலிமைக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்து, எந்தத் துடுப்பு யாருடையது என்று எழுதுவது என் வேலை. துடுப்பில் இருக்கும் வெட்டும், அதற்குப் பின்னால் முதுகில் இருக்கும் சாம்பல் நிறத் திட்டும்தான் அடையாளம். எந்தக் குடும்பம் நேற்று எங்கே, இன்று எங்கே என்று சுவரில் உள்ள வரைபடத்தில் குண்டூசி குத்தி வைப்போம்.

வருடக்கணக்காகக் குண்டூசி குத்தியதில் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இங்கே வரும் ஓர்க்காக்களில் மகன் தாயை விட்டுப் போவதில்லை. இரை தேடக் கொஞ்ச தூரம் விலகுவான், திரும்பி வந்துவிடுவான். முப்பது வயது ஆண், தாயைவிட ரொம்பப் பெரிய உடம்பு, அவள் விலாவை ஒட்டியே நீந்துகிறான். அவள் பிடித்த மீனில் பாதியைக் கடித்து அவனுக்குக் கொடுக்கிறாள். எவனும் அவனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்த மிருகங்களின் மேல் பொறாமை. வயிறு எரிகிற பொறாமை.

2

நான் படித்தது பத்தாவது. அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தேன். பாளையம்பட்டிக்காரியான ஸ்டெல்லா, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு மனுப் போடப் படம் எடுக்க வந்தாள். படம் சரியாக விழவில்லை என்று சொல்லி மூன்று தடவை வரவழைத்தேன். முதல் தடவையே நன்றாக விழுந்திருந்தது. எண்பதுகளின் நடுவில் அவள் முன்னால் இங்கே வர, நான் பின்னாலேயே வந்தேன். இருட்டறை தெரிந்த ஆள் வேண்டும் என்று டாரத்தி தேடிக்கொண்டிருந்தார்.

என்னை நிரந்தரமாக்கியது இருட்டறை இல்லை, ஆடு. எங்கள் வீட்டில் ஆடுதான் பிழைப்பு. கிடையில் அடைந்து கிடக்கிற குட்டிகளில் எது எந்த ஆட்டின் குட்டி என்று ஆத்தா, அதாவது எங்கள் அம்மா, நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். காது வெட்டைப் பார்த்து மட்டும் இல்லை. "தாயிகிட்ட எந்தப் பக்கம் ஒட்டுதுன்னு பாருலே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். அது மாறாது" என்பாள்.

துடுப்பு பிய்ந்த தாய்த் திமிங்கிலத்துக்குப் பட்டியலில் ஒரு எண் இருந்தது. நான் மனதுக்குள் மூளி என்று வைத்துக்கொண்டேன். காது பிய்ந்த ஆட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மூளிக்கு ஒரே மகன் என்று பட்டியல் சொன்னது. சேர்ந்த முதல் குளிர்காலத்தில் பழைய நெகட்டிவ்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறுத்தியது. சில படங்களில் மகன் தாய்க்கு இந்தப் பக்கம் இருந்தான். சிலவற்றில் அந்தப் பக்கம், பாதி அவளுக்குப் பின்னால் மறைந்து இருந்தான். பக்கம் மாறுகிற குட்டியை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். இந்தப் பக்கத்தானுக்கு முதுகுத் திட்டின் வால் நேராக இருந்தது. அந்தப் பக்கத்தானுக்குக் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே நொடியில் மேலே வந்து படத்தில் விழாததால் இத்தனை காலம் ஒருவனாகவே எண்ணப்பட்டிருந்தார்கள்.

டாரத்தி இரண்டு நாள் என்னை நம்பவில்லை. மூன்றாம் நாள் நம்பினார். பட்டியலைத் திருத்தி, மூளிக்கு இரண்டாவது மகனை எழுதும்போது பேனாவை என் கையில் கொடுத்தார். தாய் ஒன்று, மகன்கள் இரண்டு என்று நான்தான் எழுதினேன்.

3

நிலையத்துச் சமையலறையில் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. கடலுக்குள் இறக்கிய மைக்கிலிருந்து வருகிற சத்தம் அதில் கேட்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு. எத்தனை நூறு மைல் சுற்றி வந்தாலும் குட்டிக்குத் தாயின் பேச்சு மாறுவதில்லை. முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே டாரத்தி, "மூளி வீட்டுக்காரர்கள்" என்பார். நான் வைத்த பெயர் அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இங்கே பிறந்த என் மகள் ஷீலாவுக்குத் தமிழில் சாப்பாட்டுப் பெயர்களும் வசவுகளும் தெரியும். ஒருமுறை தொலைபேசியில் என் அண்ணனிடம், "பெரியப்பா, நீ சாப்டியா, நீ தூங்குனியா?" என்று விசாரித்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அண்ணனுக்கோ ஒரே சந்தோஷம். பிள்ளை உரிமையாகப் பேசுது, விடு என்றான்.

அவள் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். மூளியின் பாட்டி தொடங்கி மகன்கள் வரை நான்கு தலைமுறையை, பெயரும் எண்ணுமாக, மூச்சு விடாமல் வரைந்து கொண்டுபோனாள். ஏன் நம் குடும்பத்தை வரையவில்லை என்று கத்தினேன். "எனக்கு இவர்களைத்தான் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அப்போதுதான் ஆத்தாவை இங்கே வரவழைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பேத்திக்காக என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். உண்மையில் எனக்காக.

4

அண்ணன் பெயர் பெரியகருப்பன். என் பெயர் சின்னக்கருப்பன். அய்யா, அதாவது எங்கள் அப்பா, ஒரு ஜூன் மாதம் இரண்டு பேரையும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஆடு மேய்க்க ஆள் இல்லாததால் அண்ணனை எட்டு வயது வரை அனுப்பவில்லை. எனக்கு ஐந்து நிறையவில்லை. அந்தக் காலத்தில் வயதைக் காட்டக் காகிதம் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் தொட்டான். எனக்கு எட்டவில்லை. பின்னால் நின்ற அண்ணன் என் முழங்கையை மெதுவாக மேலே தள்ளினான். நடு விரல் காதில் பட்டது.

தலைமையாசிரியர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி எழுதினார். அண்ணனுக்கு மார்ச் மாதத்தில் ஒரு தேதி. எனக்கு அதே வருடம் ஆகஸ்டில் ஒரு தேதி.

"பெரியவனுக்கு நெச வயசப் போட்டா இன்ஸ்பெக்டரு கேப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே தேதி போட்டா ரெட்டப் பிள்ளைன்னு ஆயிரும். அதான் தள்ளிப் போட்டுருக்கேன்" என்றார்.

"நீங்க போட்டாச் சரிதான்யா" என்றார் அய்யா.

மூன்றாம் வகுப்போடு அண்ணன் நின்றுவிட்டான். அய்யா இறந்துபோக, ஆடு அவன் கைக்கு வந்தது. நான் படித்தேன்.

முப்பது வருடம் கழித்து அந்த இரண்டு தேதிகளும் கனடா அரசாங்கத்தின் மேசையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தன. ஆத்தாவை வரவழைக்கும் படிவத்தில் அவள் பெற்ற பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் தேதியும் சான்றோடு வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு குழந்தைகள் பிறந்தது எப்படி என்று கடிதம் வந்தது.

நேரில் போனேன். கவுண்டரில் ஒரு இளம்பெண், மிகவும் மரியாதையானவள்.

"இது பிறந்த தேதி இல்லை, தலைமையாசிரியர் கொடுத்த தேதி" என்றேன்.

"பிறந்த தேதியை அவர் ஏன் கொடுத்தார்?"

"கை காதைத் தொட்டது."

அவளுக்குப் புரியவில்லை. புரிய வைப்பதற்காக, அத்தனை பேர் வரிசையில் நிற்க, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவருக்கும் தொட்டுக் காட்டினேன். மருத்துவமனைப் பதிவு கொண்டு வாருங்கள் என்றார். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் பிறந்தவர்கள். அப்படியானால் உங்கள் ஊர் நீதிமன்றத்தில் தேதியைத் திருத்தி வாருங்கள், எவ்வளவு காலம் ஆனாலும் காத்திருக்கிறோம் என்றார்.

படகில் வீடு திரும்பும்போது யோசித்தேன். எங்கள் நிலையத்தில் இரண்டு துடுப்புகள் ஒரு தாயோடு தொடர்ந்து சில கோடைகள் சேர்ந்து போனால், அவள் பெற்றவை என்று எழுதிவிடுவோம். உலகமே ஒத்துக்கொள்கிறது. என் ஆத்தாவின் இரண்டு பக்கமும் நாங்கள் படுத்துக் கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அதைப் போய் யாரிடம் காட்டுவது?

5

இனி எழுதப்போவதை ஸ்டெல்லாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நீதிமன்றத்துக்கு அலையாமல் முடிக்க ஒரு குறுக்கு வழி இருந்தது. பழைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, புதிதாக ஒன்று போட வேண்டும். பிள்ளைகள் எத்தனை என்ற இடத்தில் ஒன்று என்று எழுத வேண்டும். "எனக்கு ஒரே மகன், வேறு வாரிசு இல்லை" என்று ஆத்தா ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் கைரேகை வைக்க வேண்டும். நாட்களை மிச்சப்படுத்தத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது பொய். அந்த "ஒன்று" என்ற எண்ணை எழுதும்போது எனக்கு இனித்தது. அண்ணன் கடிதம் ஒவ்வொன்றும் என்னைக் குத்திக்கொண்டிருந்த காலம் அது. ஆத்தா கேப்பைக் களி கிண்டினாள், உன்னை நினைத்துக்கொண்டாள் என்று எழுதுவான். களியைத் தின்றவன் அவன். நினைப்பு மட்டும் எனக்கு. ஆத்தாவின் குறட்டையில் தூங்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வான். நான் வாங்கி அனுப்பிய கம்பளிப் போர்வையை, "பெரியவன் கெடைக்குப் போத்திட்டுப் போறான்யா, நல்லா வெதுவெதுன்னு இருக்காம்" என்று ஆத்தா என்னிடமே பெருமையாகச் சொன்னாள். எங்கள் இரண்டு பேரில் ஆத்தா யாரிடம் இருக்கிறாளோ அவன்தான் மகன். ஒருமுறையாவது அது நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பத்திரத்தை எழுதி அண்ணனுக்கே அனுப்பினேன். ஆத்தாவை நோட்டரி வக்கீலிடம் கூட்டிப் போகச் சொல்லி அவனுக்கே கடிதமும் எழுதினேன். இரண்டிலும் மன்னிப்பு என்ற சொல் இல்லை.

மூன்று வாரம் கழித்து அருப்புக்கோட்டை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"தம்பி, ஆத்தா ரேக வைக்க மாட்டேங்குது. வக்கீலு வாசிச்சாக. ஒரே மகன்னு வந்துச்சு பாரு, அங்கன எந்திரிச்சு வெளிய வந்துருச்சு."

"நீ எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னேன்ப்பா. வெறும் காயிதந்தான் ஆத்தா, வச்சுட்டு ரெண்டு வருசம் அவன்கூட இருந்துட்டு வான்னு சொன்னேன். வக்கீலு என்னையப் பாத்து, 'நீ யாரு இந்தம்மாவுக்கு'ன்னாக. ஆடு மேய்க்கிற ஆளுன்னு சொன்னேன்."

அதற்குள் ஆத்தா போனை வாங்கியிருந்தாள்.

"ஏய்யா சின்னவனே. ரெண்டு குட்டி போட்ட ஆட்ட ஒரு குட்டி போட்டதுன்னு சொல்லச் சொல்றியா என்னைய?"

"உன்னைக் கூப்பிடத்தான் ஆத்தா."

"ஒன்னையப் பாக்கணும்னு எனக்கு மட்டும் இல்லையாய்யா? அதுக்காக அவன இல்லன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு அவனுக்காக ஒன்னைய இல்லன்னு சொல்லச் சொன்னாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப அவன்கூடவே இரு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அந்த வாரம்தான் அந்தப் படம் வந்தது. இருட்டறையில், சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு துடுப்பு எழுந்தது. பிறகு நடுவில் பிய்ந்த துடுப்பு. அப்புறம் அந்தப் பக்கத்துத் துடுப்பு. மூன்றும் ஒரே படத்தில். நான் சொன்னது சரி என்பதற்கு முழுச் சாட்சி. டாரத்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அழுததைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

6

அதற்குப் பிறகு பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை ஆத்தாவோடு பேசினேன். மழை உண்டா, ஆடு எத்தனை என்ற அளவில் பேச்சு நின்றுகொண்டது. அடுத்த மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். இரண்டு நாள் காய்ச்சல்தான். சேதி ஸ்டெல்லாவுக்கு வந்து, எனக்கு வந்து, படகு, விமானம், மறுபடி விமானம், மதுரை, பஸ் என்று நான் ஊரில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணன் மொட்டைத் தலையோடு, மீசை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். எங்கள் பக்கம் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான். தாய்க்கு இளையவன் வைப்பான். அய்யாவுக்கு அண்ணன் வைத்தான். ஆத்தாவுக்கு நான் வைத்திருக்க வேண்டும். உலகத்தில் அவளிடம் எனக்கென்று மட்டும் இருந்த உரிமை அது ஒன்றுதான். அண்ணனின் மொட்டையைப் பார்த்ததும், அந்த நிலையிலும், அதையும் இவன் எடுத்துக்கொண்டானே என்றுதான் முதலில் தோன்றியது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தம் இல்லை.

அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஐஸு கட்டி வாங்கியாந்து வாங்கியாந்து வச்சோம்ப்பா. கரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இதுக்கு மேல தாங்காதுன்னு பெரியாளுக சொல்லிட்டாக."

"சரிண்ணே."

"நான் வைக்கலப்பா. ஊரு கேக்க ஒம் பேரச் சொன்னேன். இது சின்னக்கருப்பன் வைக்கிற கொள்ளி, கை மட்டுந்தான் என்னதுன்னு சொல்லித்தான் வச்சேன்."

என் முழங்கையை அவன் பிடித்திருந்தான். ஏன் பிடித்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அந்தப் பத்திரத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. திரும்பி வரும்போது அந்தக் கம்பளிப் போர்வையை மடித்து என் பெட்டியில் வைத்தான். கனடாவில் குளிர் அதிகமாமே என்றான்.

7

கேக் வெட்டிய மறுநாள் படத்தை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சட்டத்தைக் கழற்றினேன். பின்பக்கம் தமிழில், தாய், மூத்தவன், இளையவன் என்று எழுதி அண்ணனுக்குத் தபாலில் போட்டேன். நேற்று இரவு ஷீலா அவனிடம் பேசியிருக்கிறாள். படம் போய்ச் சேருமுன்பே, மூன்று துடுப்பையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று, ஸ்டெல்லாவின் உதவியோடு தன் கையெழுத்தில் தமிழில் விளக்கிக் கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னாளாம். "பெரியப்பா, நீ கண்ணாடி போட்டுப் பாரு" என்றாளாம்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. இந்தக் கோடையிலும் மூளி வந்தாள்; இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் வந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தபோது வயிறு எரிந்தது. அண்ணன் மேலும் எரிச்சல்தான். ஆத்தாவிடம் அவன் வாங்கியதில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைக்காமல் எதையும் வாங்கியதில்லை என்று இப்போது தெரிகிறது. அவனைப் பார்த்து முழுசாகப் பொறாமைப்படக்கூட என்னை விடமாட்டேன் என்கிறான்.

திங்கட்கிழமை பட்டியலின் புதுப் பதிப்பு அச்சுக்குப் போகிறது. மூளியின் குடும்பத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான். தாய் ஒன்று, மகன்கள் இரண்டு. டாரத்தி மறுபடி எண்ணிப் பார்க்க மாட்டார். திமிங்கிலங்களின் குடும்பத்தை நான் ஒருமுறைகூடத் தவறாக எழுதியதில்லை.